பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தையும் வீட்டு ஆயாவும்

தில்லியில் கணவன், மனைவி இருவரும் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் ஆயாவின் உதவி ஆடம்பரமன்று, அவசியம். 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, முதல் இரண்டு பேறுகளுக்குத் தாய்க்குக் கிடைக்கும் விடுப்பு 26 வாரம். அது முடியும் தறுவாயில் ஊரிலிருந்து பாட்டி வருகிறார். தில்லிக் குளிரையும், பேச்சுத் துணையற்ற பகல் பொழுதையும் சில மாதங்கள் பொறுத்துக்கொண்டு பிறகு ஊர் திரும்புகிறார். அதன் பின் குழந்தை ஆயாவின் கையில் வளர்கிறது. இந்த ஏற்பாடு மூன்று ஆண்டுகள் ஒருவாறு நடந்துவிடும். குழந்தை நர்சரி வகுப்பில் சேர்ந்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: “இனிமேல் ஆயாவுக்கு என்ன வேலை இருக்கிறது?”

இக்கேள்விக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. அரைநாள் வேலைக்கு அரைச் சம்பளம் போதும் என்பது ஒன்று. குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்தில் சமையலும் துணிமணி வேலையும் ஆயாவே பார்க்கட்டும் என்பது மற்றொன்று. ஆயாவின் வேலை குறைந்துவிட்டது என்ற எண்ணத்திலிருந்துதான் இரண்டும் பிறக்கின்றன. உண்மையில் வேலை குறைவதில்லை. அதன் தன்மை மாறுகிறது. கைவேலை குறைந்து, பொறுப்பு மிகுகிறது. இம்மாறுதலைக் கவனியாத வீடுகளில்தான் நல்ல ஆயா ஒருவர் நான்காம் ஆண்டில் மனக்கசப்புடன் விலகிப் போவதையும், குழந்தை காரணம் புரியாமல் ஏங்குவதையும் காண்கிறோம்.

புசா ரோட்டையே எடுத்துக்கொள்வோம். கரோல்பாக்கின் ஓரமாகச் செல்லும் இச்சாலையின் பெயரும் நம்மைப் போல் வெளியூரிலிருந்து குடிவந்ததுதான். பீகாரில் புசா என்னும் ஊரில் 1905இல் நிறுவப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்துபோகவே, 1936இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. தன் ஊர்ப் பெயரையும் உடன் கொண்டுவந்தது. கரோல்பாக் வட்டாரம் தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியிருந்துவரும் பகுதி. 1923இல் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் என்ற பெயரில் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று இங்கே இருக்கிறது. வேறு பள்ளிகளும் இச்சாலையில் உண்டு. 2005 முதல் சாலையின் மேலே தூண்களின் மீது மெட்ரோ ரயில் ஓடுகிறது. கீழே பேருந்து, கார், மின்சார ரிக்‌ஷா என்று ஓயாத நெரிசல். மூன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பள்ளி விடும் வேளையில் கையைப் பிடித்து இச்சாலையைக் கடக்கச் செய்வது, அதே குழந்தையைத் தொட்டிலில் ஆட்டித் தூங்கவைப்பதைவிட எளிய காரியமென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வளர்ப்பவளின் கடமை குழந்தையின் வயதோடு மாறும் என்பது தமிழர்களுக்குப் புதிய செய்தியன்று. சங்க இலக்கியத்தில் வரும் செவிலித்தாயை நினைத்துப் பாருங்கள். சிறு பெண்ணுக்கு உணவூட்டி வளர்த்தவள் அவளே. பெண் வளர்ந்ததும் காவல் பூணுபவளும் அவளே. மகள் காதலனுடன் போய்விட்டால் பாலை வழியில் தேடிப் போகிறவளும், மணமான பின் மகளின் புது மனைக்குச் சென்று அவள் வாழும் சிறப்பைக் கண்டு வந்து நற்றாயிடம் சொல்பவளும் செவிலிதான். அவள் மகளே தலைவிக்குத் தோழியாகிறாள். உறவு ஒன்று, பணிகள் பல. அந்தந்தப் பருவத்துக்கு உரிய பணியை நம் புலவர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆயா என்ற சொல்லோ போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. (தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பாட்டியையும் ஆயா என்றே அழைக்கிறோம், இது நல்ல பொருத்தந்தான்.) வெள்ளைக்காரர் காலத்து ஆயாவின் கதை வேறு விதமாக முடிந்தது. ஆங்கிலேயக் குடும்பங்கள் தங்கள் குழந்தைகளைப் பள்ளிப் பருவம் வந்ததும் படிப்பின் நிமித்தம் இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அத்துடன் ஆயாவின் வேலையும் முடிந்தது. கப்பலில் குழந்தைகளுக்குத் துணையாகச் சென்ற ஆயாக்களுள் சிலர், திரும்பி வர வழிச்செலவின்றி லண்டனில் கைவிடப்பட்டார்கள். அத்தகையோருக்கென அங்கே ஹாக்னிப் பகுதியில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. அது இருந்த கட்டிடத்தில் 2022இல் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். குழந்தை பள்ளிக்குப் போனதும் ஆயா தேவையற்றவர் என்னும் எண்ணம் அக்காலத்தின் மிச்சமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி, மாறுதல் எவ்வகையில் நிகழ்கிறது என்று பார்ப்போம். முதலில் மாறுவது நேரம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா காலை 9 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது தொடர்ச்சியான 9 மணி நேர வேலை. குழந்தை பள்ளியில் சேர்ந்தபின், காலை 7 மணிக்கே அவர் வரவேண்டியிருக்கிறது. எட்டரை மணிக்குள் குழந்தையைக் குளிப்பாட்டி, உடுத்தி, பள்ளியில் விட்டாக வேண்டும். மீண்டும் பகல் 12 மணிக்கு அழைத்துவந்து மாலை 6 மணி வரை பார்த்துக்கொள்கிறார். கூட்டிப் பார்த்தால் ஏழரை மணிதான். ஆனால் காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை, 11 மணி நேரம், அவர் இந்த வேலைக்காகவே கட்டுண்டு கிடக்கிறார். இடையில் விழும் மூன்றரை மணி நேரத்தில் தொலைவிலுள்ள தம் வீட்டுக்குப் போய் வரவும் இயலாது. வேறொரு வீட்டில் வேலை பிடிப்பதும் எளிதன்று. இந்த இடைவெளி யாருடையது என்பதே வழக்கின் வேர்.

நியாயமான வழிகள் இரண்டுதான் எனக்குத் தெரிகின்றன. இடைவெளி முழுவதும் ஆயாவுக்கே உரியது என்று விட்டுவிடலாம். அப்படியானால் அந்நேரத்தில் அவரை எவ்வேலைக்கும் அழைக்கலாகாது. அல்லது அந்நேரத்துக்கும் கூலி கொடுத்து, இன்னின்ன வேலை என்று முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளலாம். குழந்தையின் துணிகளைத் துவைப்பது, மறுநாள் டிபனுக்கு ஏற்பாடு செய்வது, விளையாட்டுச் சாமான்களை ஒழுங்குபடுத்துவது ஆகியவை குழந்தையைச் சார்ந்த வேலைகள். வீட்டார் அனைவருக்கும் சமைப்பதும் தரை துடைப்பதும் வேறு வேலை; அவற்றுக்கு வேறு சம்பளம். “சும்மாதானே இருக்கிறாய்” என்று தொடங்கும் வேலைக்கு எல்லை ஏது? சம்பளத்தை அரையாக்கிக்கொண்டு முழுநாளும் எதிர்பார்ப்பதோ நேர்மையன்று.

அடுத்து மாறுவது கைகளின் வேலை. மூன்று வருஷம் ஊட்டியும் உடுத்தியும் பழகிய கை சட்டென்று நிற்காது. ஆனால் பள்ளிக்குப் போகும் குழந்தை தானே காலணி அணியவும், டிபன் டப்பாவைத் திறக்கவும், கழிப்பிடம் போகவேண்டுமென்று சொல்லவும் கற்க வேண்டும். அங்கே முப்பது குழந்தைகளுக்கு நடுவில் ஊட்டிவிட யாரிருக்கிறார்கள்? குழந்தை தன் வேலையைத் தானே செய்யப் பழகுவதே கல்வியின் தொடக்கம் என்ற கொள்கையை மரியா மாண்டிசோரி அம்மையார் உலகெங்கும் பரப்பினார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்கள் பலருக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் பெரியவரின் வேலை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். சட்டைப் பொத்தானோடு பத்து நிமிஷம் போராடும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது கடினம். பள்ளி வண்டி வரும் நேரத்தில் மேலும் கடினம். ஆகவே கால் மணி முன்னதாகக் குழந்தையை எழுப்பும் பொறுப்பைப் பெற்றோர் ஏற்க வேண்டும். ஆயாவிடம், “இனி இதை நீங்கள் செய்யவேண்டாம், அவளையே செய்யவிடுங்கள்” என்று அமைதியாகச் சொல்லி வைக்கவும் வேண்டும். சொல்லாவிட்டால், தம் வேலையைப் பறிப்பதாக அவர் எண்ணக்கூடும்.

எல்லாவற்றிலும் பெரியது பகற்பொழுதின் பொறுப்பு. பள்ளி வாசலில் குழந்தையை முதலில் காண்பவர் ஆயாவே. முகம் வாடியிருக்கிறதா, உடம்பு சுடுகிறதா, முழங்காலில் சிராய்ப்பு உண்டா, தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்திருக்கிறதா என்பதெல்லாம் முதலில் அவர் கண்ணில்தான் படும். வகுப்பில் நடந்ததைக் குழந்தை முதன்முதலாகச் சொல்வதும் அவரிடமே. மாலையில் தாய் வருவதற்குள் குழந்தை அதைப் பாதி மறந்திருக்கும். அதனால் ஆயா வீடு திரும்புமுன் ஐந்து நிமிஷம் அவரிடம் பேசுவது பெற்றோர் தவறவிடக்கூடாத கடமை. காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்கும் கேள்வியாக அது இருக்கலாகாது.

வீட்டுப்பாடம் ஆயாவின் பொறுப்பன்று. பள்ளிச் செய்திகள் இப்போது பெற்றோரின் கைபேசிக்கு ஆங்கிலத்தில் வருகின்றன. “நாளை மஞ்சள் சட்டை”, “பதினோரு மணிக்கே பள்ளி விடும்” என்பன போன்றவற்றை ஆயாவுக்கு உடனே சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு அவரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. இவ்விடத்தில் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லித் தமிழ்க் குழந்தை பல வீடுகளில் முதலில் சரளமாகப் பேசுவது இந்திதான். அது ஆயாவிடமிருந்து வந்த செல்வம். அதற்காக வருந்த வேண்டியதில்லை. அவருக்கு வராத ஆங்கிலத்தைப் பேசச் சொல்லி அவரை வருத்துவதும் வேண்டாம். பகலெல்லாம் இந்தியும் ஆங்கிலமும் கேட்கும் குழந்தைக்குத் தமிழ் கிடைக்கும் நேரம் மாலைப்பொழுது; அது பெற்றோர் கையில் இருக்கிறது.

பள்ளி இல்லாத நாட்களையும் முன்னதாகவே கணக்கில் கொள்ள வேண்டும். மே நடுவிலிருந்து ஜூன் முடிய வெயில் விடுமுறை, ஜனவரியில் குளிர் விடுமுறை என்பன நாம் அறிந்தவை. இவை போதாவென்று நவம்பரில் நச்சுப் புகை வேறு. 2024 நவம்பர் 18 முதல் சில நாட்கள் காற்று மிகக் கெட்டு, தில்லிப் பள்ளிகள் வகுப்புகளை இணையவழிக்கு மாற்றின. அன்றைக்கு ஆயாவின் அரைநாள் திடீரென்று முழுநாளாகிவிடுகிறது. அத்தகைய நாளுக்கு என்ன கூலி என்பதை ஏப்ரலிலேயே பேசி வைத்தவர்களுக்குச் சிக்கல் இல்லை.

ஆயாவுக்கும் பிள்ளைகள் உண்டு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நம் குழந்தையைக் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குத் தயார் செய்பவர், அதே வேளையில் தம் குழந்தையைத் தயார் செய்ய முடியாது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் என்னும் குடியிருப்பில் நம் தமிழர்களே பல தலைமுறையாக வாழ்ந்தார்கள். அப்பெண்களுள் பலர் அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்தவர்கள். நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. தகுதியுள்ளவை என்று கருதப்பட்ட குடும்பங்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். அங்கிருந்து தென் தில்லிக்குக் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வருவதென்றால், தாய் தன் பிள்ளை விழிக்குமுன்பே புறப்பட வேண்டும். வேலை நேரத்தைப் பேசும்போது, “உங்கள் பிள்ளைகள் எத்தனை மணிக்குப் பள்ளிக்குப் போகிறார்கள்?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. அரைமணி முன்பின்னாக நம் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள இடமிருந்தால், இரண்டு வீட்டுக் குழந்தைகளும் நேரத்தோடு பள்ளிக்குப் போகும்.

சிறு பெண் ஒருத்தியை ஊரிலிருந்து அழைத்துவந்து குழந்தைக்குத் துணையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் முன்பு இருந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தை மேலும் இறுக்கியது. ஒரு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பொருட்டு மற்றொரு குழந்தையின் பள்ளியைப் பறிப்பது சட்டம் இல்லாவிட்டாலும் தகாத செயலே. வயது வந்த ஆயாவுக்கு நாம் செய்யக்கூடிய சிறு உதவி ஒன்று உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென மத்திய அரசு 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் வீட்டுப் பணியாளரும் பெயர் பதிந்துகொள்ளலாம். அதற்கு ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தேவை. விடுமுறை நாளொன்றில் உடனிருந்து அதைச் செய்து முடிக்கலாம்.

குழந்தைக்கு ஏழு, எட்டு வயதாகும்போது சில வீடுகளில் ஆயாவின் தேவை உண்மையாகவே முடிந்துபோகும். அப்போது ஒரு மாதத்துக்குக் குறையாமல் முன்னறிவிப்புக் கொடுத்து, அவர் வேறு வேலை தேட அவகாசம் தர வேண்டும். அக்கம்பக்கத்தில் நாமே சொல்லி வைத்தால் இன்னும் நன்று. குழந்தையிடமும் மறைக்கலாகாது. ஒருநாள் பள்ளியிலிருந்து வரும்போது ஆயா வாசலில் இல்லை, ஏனென்று சொல்வாரும் இல்லை என்ற நிலை ஏற்பட்டால், குழந்தை அதைத் தன் தவறாகவே எடுத்துக்கொள்ளும். கடைசி நாளில் இருவரும் சேர்ந்து உண்ணட்டும். அவருடைய தொலைபேசி எண் குழந்தைக்குத் தெரிந்திருக்கட்டும். பண்டிகை நாட்களில் பேசட்டும். குழந்தையை அழைத்துச் செல்வதற்காகப் பள்ளி அவர் பெயரில் கொடுத்த அட்டையை அன்றே திரும்ப ஒப்படைத்து, மறுநாள் முதல் யார் வருவார்கள் என்பதைப் பள்ளி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.