மழைத்திரைக்கு அப்பால் பார்க்கும் ரேடார்

ஐப்பசி, கார்த்திகை என்றாலே திருப்பாதிரிப்புலியூர் வட்டாரத்தில் ஒரு கலக்கம் உண்டு. கெடிலமும் தென்பெண்ணையும் பெருகும் மாதங்கள் அவை. 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்திலும் கடலூர்ப் பகுதி பெரும் துன்பத்துக்கு உள்ளாயிற்று. எங்கே, எவ்வளவு நிலம் மூழ்கியது? விடை உடனே தெரிந்தால்தான் படகு அனுப்பலாம். பயிர் இழப்பைக் கணக்கிடலாம். ஆனால் அந்நாட்களில் வானம் முழுதும் மேகம். செயற்கைக்கோளின் சாதாரணக் காமிராவுக்கு மேகத்தின் முதுகு மட்டுமே தெரியும். நேரில் பார்க்க ஆள் வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடுவதும் உண்டு.

இங்கே கைகொடுப்பது ரேடார். அதன் அலைகள் சில சென்டிமீட்டர் நீளமுள்ளவை. மேகத் துளிகளோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு அளவே உடையவை. ஆகவே அலைகள் மேகத்தை ஊடுருவிச் செல்கின்றன. தானே அலையை அனுப்பி எதிரொலியை வாங்குவதால், ரேடாருக்கு இரவும் பகலும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு சிக்கல். அலை நீளமாக இருந்தால் கற்றை விரிந்துவிடும். 12 மீட்டர் நீள ஆன்டெனாவிலிருந்து 5.5 செ.மீ. அலையை அனுப்புவதாகக் கொள்வோம். 850 கி.மீ. தொலைவிலுள்ள தரையை அடையும்போது கற்றையின் அகலம் ஏறக்குறைய 4 கி.மீ. ஆகிவிடும். பாடலீசுவரர் கோயில், ரயில் நிலையம், கடைத்தெரு எல்லாம் ஒரே புள்ளியாகக் கலந்துபோகும். 6 மீட்டர் நுணுக்கம் வேண்டுமானால் ஏறத்தாழ 8 கி.மீ. நீள ஆன்டெனா தேவை. அதை விண்ணில் ஏற்றுவது எப்படி?

இதற்கு 1951-இல் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் வைலி வழி கண்டார். திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் நில்லாமல் செல்லும் ரயிலின் ஊதலைக் கேட்டிருப்பீர்கள். நெருங்கும்போது சுருதி உயர்ந்தும், விலகும்போது தாழ்ந்தும் ஒலிக்கும். இதுவே டாப்ளர் விளைவு. அதுபோலவே, விண்கலத்திற்கு முன்னால் இருக்கும் இடத்தின் எதிரொலி சற்று உயர்ந்த அதிர்வெண்ணிலும், பின்தங்கிய இடத்தின் எதிரொலி தாழ்ந்த அதிர்வெண்ணிலும் வருகின்றன. கலம் 4 கி.மீ. நகரும் அரை விநாடியில், தரையிலுள்ள ஒரு புள்ளி நூற்றுக்கணக்கான எதிரொலிகளைத் தந்துவிடும். இவற்றைப் பதிந்து கணிப்பொறியில் சேர்த்தால், ஒரு சிறு ஆன்டெனா 4 கி.மீ. நீள ஆன்டெனா போல வேலை செய்கிறது. அலை போகும் தொலைவும் திரும்பும் தொலைவும் சேர்ந்து மாறுவதால், 8 கி.மீ.க்குப் பதில் பாதி நீளமே போதும். இப்படி நகர்ந்து நகர்ந்து உண்டாக்கும் நீளத்தால்தான் இதற்குச் ‘செயற்கைத் துளை ரேடார்’ என்று பெயர்.

நுணுக்கம் கிடைத்தது, பரப்பு? 6 மீட்டர் நகரும்தோறும் ஒரு துடிப்பு, அதாவது விநாடிக்கு 1,200-க்கு மேல் அனுப்ப வேண்டும். அகன்ற நிலத்தைப் பார்த்தால், தூரத்து எதிரொலி வந்துசேருமுன் அடுத்த துடிப்பின் எதிரொலி வந்து கலந்துவிடும். அமெரிக்காவின் நாசாவும் நம் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் இதற்கு ஒரு தீர்வு தருகிறது. அலையை அகலமாக அனுப்பிவிட்டு, திரும்பிவரும் எதிரொலியை மட்டும் ஒடுங்கிய கற்றையால் பின்தொடர்ந்து வாங்குகிறது. அதன் 12 மீட்டர் குறுக்களவுள்ள எதிரொளிப்பான் சுமார் 240 கி.மீ. அகல நிலத்தைக் காண்கிறது. ஏறக்குறைய எல்லா நிலப்பரப்பையும் 12 நாட்களில் இருமுறை பார்க்கும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. இதற்கு முன்பே 2012-இல் ரிசாட்-1, 2022-இல் இ.ஓ.எஸ்.-04 ஆகிய ரேடார் கோள்களை இந்தியா ஏவியிருக்கிறது.

படத்தில் தண்ணீர் எப்படித் தெரியும்? அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடி போல அலையை அப்பால் திருப்பிவிடும்; எனவே கறுப்பாகத் தெரியும். நடவுக்கு நீர் கட்டிய வயலும் முதலில் கறுப்புத்தான்; நாற்று வளர வளர வெளுக்கும். இம்மாற்றத்தைக் கொண்டே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நெற்பரப்பைக் கணித்துள்ளனர். நன்கு வளர்ந்து வெளுத்த வயல் மழைக்குப்பின் திடீரெனக் கறுத்தால், பயிர் மூழ்கியதென்று ஊகிக்கலாம்.

ரேடாரும் ஏமாறும். காற்று அலைத்த நீர் வெளுப்பாகத் தெரியலாம். வழுவழுப்பான சாலை தண்ணீர் போலக் கறுக்கலாம். வீடுகள் நெருங்கிய தெருவில் நிற்கும் வெள்ளத்தைக் கண்டறிவது கடினம். கலம் தலைக்கு மேல் வராத நாளில் படமும் இல்லை. ஆகவே களத்தில் இறங்கிப் பார்ப்பவருக்கு இது துணையே அன்றி மாற்று அன்று.

ஆயினும், தண்ணீர் வடிந்து வயல் காய்ந்த பிறகும், “இன்ன நாளில் இந்த நிலம் நீரில் கிடந்தது” என்று தேதியோடு சொல்லும் சாட்சி அது. மழையில் எல்லாம் இழந்த உழவருக்கு அச்சாட்சியின் மதிப்பு பெரிது.