ஹானா நெடுஞ்சாலை

ஹானா நெடுஞ்சாலை என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் உள்ள மாவுயி தீவின் வடக்கு, கிழக்குக் கரைகளை ஒட்டிச் செல்லும் மலைச் சாலை ஆகும். இது தீவின் வணிக நகரமான கஹுலுயியையும் கிழக்கு முனையில் உள்ள ஹானா என்னும் சிற்றூரையும் இணைக்கின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 84 கிமீ மட்டுமே. எனினும் எங்கும் நிற்காமல் சென்றாலும் இதனைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஆகும். வழியில் 59 பாலங்கள் உள்ளன. அவற்றுள் 46 பாலங்கள் ஒரு வாகனம் மட்டுமே செல்லக்கூடிய அகலம் கொண்டவை. வளைவுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 620 ஆகும்.

சுற்றுலாப் பயணிகள் வழிகாட்டி எவருமின்றி, வாடகைக் காரில் தாமே ஓட்டிச் சென்று காணும் சாலைகளுள் இது உலகப் புகழ் பெற்றது. அதே வேளையில், கிழக்கு மாவுயி மக்கள் பள்ளிக்கும் பணிக்கும் மருத்துவத்துக்கும் நாள்தோறும் நம்பியிருக்கும் சாலையும் இதுவே. இவ்விரு பயன்பாடுகளும் ஒரே குறுகிய பாதையில் சந்திப்பதை அறிந்து கொண்டால்தான் இச்சாலையின் ஒழுங்குமுறைகள் விளங்கும்.

புவியியல்

மாவுயி தீவின் கிழக்குப் பகுதி முழுவதும் ஹலேயாகலா என்னும் எரிமலையால் ஆனது. இதன் உயரம் 3,055 மீட்டர். பசிபிக் பெருங்கடலில் வடகிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று ஈரப்பதத்துடன் வந்து இம்மலையில் மோதி மேலெழுகின்றது. மேலெழும் காற்று குளிர்வதால் மழை பொழிகின்றது. மலையின் வடகிழக்குச் சரிவில் உள்ள சில இடங்களில் ஆண்டுச் சராசரி மழை 10,000 மிமீட்டரைத் தாண்டுகின்றது. ஹானா நெடுஞ்சாலை இச்சரிவின் அடிவாரத்தில் செல்வதால், பல வளைவுகளில் ஓர் ஓடையோ அருவியோ குறுக்கிடுகின்றது. பாலங்களும் வளைவுகளும் இத்தனை இருப்பதற்கு இதுவே காரணம்.

மலையின் தெற்குச் சரிவு மழை மறைவுப் பகுதியாகும். ஹானாவைக் கடந்து கிப்பஹுலு, கவுப்போ வழியாகத் தெற்கே சென்றால், அடர்ந்த மழைக்காடு மறைந்து, காய்ந்த புல்வெளியும் கறுத்த எரிமலைக் குழம்புப் பாறையும் தோன்றுகின்றன. ஒரே மலையின் இரு பக்கங்களில் இரு வேறு காலநிலைகளை ஒரே நாளில் காண முடிவது இப்பயணத்தின் தனிச்சிறப்பாகும்.

சாலையோரம் காணப்படும் பசுமையில் பெரும்பகுதி இம்மண்ணுக்கு உரியதன்று. மூங்கில், மா, கொய்யா, தைல மரம் ஆகியன வெளியிலிருந்து கொண்டு வரப்பட்டவை. ஓஹியா, கோவா போன்ற ஹவாயின் சொந்த மரங்கள் பெரும்பாலும் மேல்மலைக் காடுகளிலேயே எஞ்சியுள்ளன.

வரலாறு

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே மாவுயி தீவைச் சுற்றிக் கற்கள் பாவிய நடைபாதை ஒன்று இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் மன்னர் பியிலானி இதனைத் தொடங்கியதாகவும், அவர் மகன் கிஹாபியிலானி முடித்ததாகவும் மரபு கூறுகின்றது. இதன் எஞ்சிய பகுதிகளை வையானாபானாபா பூங்காவில் இன்றும் காணலாம். ஹானாவுக்குத் தெற்கே செல்லும் சாலை பியிலானியின் பெயரையே தாங்கியுள்ளது.

1876-1878 காலப்பகுதியில், சாமுவேல் அலெக்சாண்டர், ஹென்றி பால்ட்வின் ஆகிய கரும்புத் தோட்ட முதலாளிகள் கிழக்கு மாவுயியின் ஓடை நீரைத் தீவின் வறண்ட நடுச்சமவெளிக்குக் கொண்டு செல்லக் கால்வாய் வெட்டினர். கால்வாய்ப் பணிக்காக அமைந்த தடங்கள் பின்னர் சாலைக்கு அடித்தளமாயின. இன்றுள்ள பாலங்கள் பலவும் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கட்டப்பட்டவை. சாலையின் ஒரு பகுதி சிறைக் கைதிகளின் உழைப்பால் உருவானது. அவர்களுக்கான முகாம் கேயனையில் இருந்தது. 1926ஆம் ஆண்டில் ஹானா வரை வாகனம் செல்லும் வழி திறக்கப்பட்டது. அதுவரை ஹானா மக்கள் கப்பலையும் மலைத்தடங்களையுமே நம்பியிருந்தனர்.

2001ஆம் ஆண்டில் இச்சாலை அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்பு மிக்க இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பழைய பாலங்களை இடித்து அகலப்படுத்தாமல் பேணுவதும் இச்சாலையின் சிறப்புகளுள் ஒன்று.

மைல் கற்களும் திசைகளும்

இச்சாலையில் பெரும்பாலான இடங்களுக்குப் பெயர்ப் பலகை இல்லை. அவை மைல் கற்களைக் கொண்டே அடையாளம் காணப்படுகின்றன. எனவே மைல் கற்களின் முறையை அறிவது அவசியம்.

கஹுலுயியில் தொடங்கும்போது சாலையின் எண் 36. ஏறத்தாழ 16ஆவது மைலுக்குப் பின் எண் 360 ஆக மாறுகின்றது. மைல் கணக்கும் சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்குகின்றது. இதனால் ஒரே எண் கொண்ட மைல் கல்லைப் பயணி இருமுறை காண நேரிடும். வழிகாட்டி நூல்களில் குறிக்கப்படும் எண்கள் பொதுவாக 360ஆம் எண் சாலைக்கு உரியவை. ஹானாவைக் கடந்த பின்னர் எண்கள் இறங்குவரிசையில் அமைந்துள்ளன.

360ஆம் எண் சாலையின் நீளம் ஏறத்தாழ 56 கிமீ. 620 வளைவுகளை இத்தொலைவில் பகுத்தால், சராசரியாக 90 மீட்டருக்கு ஒரு வளைவு என்றாகின்றது. ஓட்டுநர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க இயலாது என்பது இதனால் புலப்படும்.

உள்ளூர் மக்கள் வழி கூறும்போது கிழக்கு, மேற்கு என்பதைவிட 'மவுக்கா', 'மக்காய்' என்னும் ஹவாய் மொழிச் சொற்களையே மிகுதியாகப் பயன்படுத்துவர். மவுக்கா என்பது மலைப் பக்கம். மக்காய் என்பது கடற்பக்கம். அமெரிக்காவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்வதால், ஹானாவை நோக்கிப் போகும்போது வாகனம் மலையை ஒட்டியும், திரும்பும்போது கடலை ஒட்டியும் செல்லும். இடப்புறம் ஓட்டிப் பழகிய இந்திய, இலங்கைப் பயணிகள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.

வழியில் உள்ள முக்கிய இடங்கள்

பாயியா: முன்னாள் கரும்பாலை நகரம். ஹானா வரை வேறு எரிபொருள் நிலையம் இல்லை என்பதால் பயணிகள் இங்கு எரிபொருள் நிரப்புவது வழக்கம்.

ஹோக்கிபா கடற்கரை: பாய்மரப் பலகைச் சறுக்கலுக்குப் பெயர் பெற்றது. பச்சை ஆமைகள் மணலில் வந்து ஓய்வு கொள்வதைக் காணலாம். அவற்றைத் தொடுவதும் நெருங்குவதும் கூடாது.

கவுமஹினா (மைல் 12): மாநில அரசின் ஓய்விடம். கழிப்பறை வசதியும் கடற்கரைக் காட்சியும் உண்டு.

கேயனை (மைல் 17): எரிமலைக் குழம்பு கடலுக்குள் பாய்ந்து உருவாக்கிய சிறு தீபகற்பம். 1946 ஏப்ரல் 1 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை இவ்வூரை அழித்தது. 1860ஆம் ஆண்டைச் சேர்ந்த கற்கோயிலான தேவாலயம் மட்டும் தப்பி நின்றது. இங்கு நீர் தேக்கிய வயல்களில் 'கலோ' பயிரிடப்படுகின்றது. இது தமிழர் உண்ணும் சேப்பங்கிழங்கின் இனமே ஆகும். இதன் கிழங்கை வேகவைத்து இடித்துச் செய்யப்படும் 'போய்' என்னும் கூழ் ஹவாய் மக்களின் மரபுவழி முதன்மை உணவு. ஹவாய்த் தொன்மத்தில் இப்பயிர் மனிதனின் மூத்த உடன்பிறப்பாகக் கருதப்படுகின்றது.

புவா கா (மைல் 22): சாலையோரச் சிறு அருவிகள் கொண்ட ஓய்விடம்.

நாஹிக்கு (மைல் 25): 1905ஆம் ஆண்டில் ரப்பர்த் தோட்டம் அமைத்து, சில ஆண்டுகளில் கைவிடப்பட்ட ஊர்.

வையானாபானாபா மாநிலப் பூங்கா (மைல் 32): எரிமலைப் பாறை கடலில் நொறுங்கி உருவான கறுப்பு மணற் கடற்கரை, நன்னீர்க் குகைகள், தாழை இன மரங்கள் ஆகியன இங்கு உள்ளன. ஹவாய் மாநிலத்தவர் அல்லாதோர் 2021 முதல் முன்பதிவு செய்தே வர வேண்டும். வந்து சேர்ந்த பின் அனுமதிச் சீட்டுப் பெற இயலாது.

ஹானா (மைல் 34): சிறு கடைகள், மருத்துவ நிலையம், விடுதி ஆகியன கொண்ட ஊர். இங்கிருந்த கரும்புத் தோட்டம் 1940களில் மூடப்பட்ட பின்னர், ஊரின் வாழ்வு மாட்டுப் பண்ணையையும் சுற்றுலாவையும் சார்ந்ததாயிற்று.

கிப்பஹுலு: ஹானாவுக்குத் தெற்கே உள்ள ஹலேயாகலா தேசியப் பூங்காவின் கடற்கரைப் பகுதி. ஓஹேயோ குளங்களும், மூங்கில் காட்டினூடாக ஏறத்தாழ 120 மீட்டர் உயர வைமோக்கு அருவிக்குச் செல்லும் நடைவழியும் இங்கு உள்ளன. 1927இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாக வானூர்தியில் கடந்த சார்லஸ் லிண்ட்பர்க் 1974இல் காலமான பின் இங்குள்ள தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தானியங்கி வழிகாட்டிகள்

முற்காலத்தில் பயணிகள் ஒலிநாடாவையோ குறுந்தகட்டையோ வாங்கி, மைல் கல்லைப் பார்த்து நிறுத்தியும் ஓடவிட்டும் விளக்கம் கேட்டனர். தற்போது கைபேசிச் செயலிகள் இப்பணியைச் செய்கின்றன. கைபேசியில் உள்ள ஜிபிஎஸ் வாங்கி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிகைகள் வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு இருப்பிடத்தை அறிகின்றது. முன்னரே குறிக்கப்பட்ட எல்லைக்குள் வாகனம் நுழைந்ததும் உரிய ஒலிப்பதிவு தானாக இயங்குகின்றது.

ஜிபிஎஸ் வாங்கி குறிகையைப் பெறுகின்றதேயன்றி அனுப்புவதில்லை. ஆகவே கைபேசி இணைப்பு இல்லாத இடத்திலும் அது இயங்கும். ஆனால் வரைபடமும் ஒலிக்கோப்புகளும் கைபேசியில் முன்னரே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். இச்சாலையின் பெரும்பகுதியில் கைபேசி இணைப்பு கிடைப்பதில்லை என்பதால், பதிவிறக்கத்தைப் புறப்படும் முன்னரே முடித்துக் கொள்வது நன்று. ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் பாறைச் சுவர்கள் செயற்கைக்கோள்களை மறைப்பதால் இருப்பிடக் கணிப்பு சற்றுப் பிழைபடலாம். மைல் கற்களைக் கவனிக்கும் பழைய முறை அப்போது துணை செய்யும்.

ஓட்டும் முறை

ஒற்றை வழிப் பாலங்களில் எதிர்ப்புறத்திலிருந்து முதலில் வந்தவருக்கு வழிவிட வேண்டும். பாலத்துக்கு முன் நின்று, எதிரே வருவோர் கடந்த பின் செல்வது முறை. பின்னால் உள்ளூர் வாகனம் வந்தால், அடுத்த ஒதுங்குமிடத்தில் ஒதுங்கி அதனை முன்னே விட வேண்டும். வழிவிட்டவருக்குக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் கையசைத்து நன்றி தெரிவிப்பது ஹவாய் வழக்கம்.

பாலத்தின் மீதோ, தடை செய்யப்பட்ட ஓரங்களிலோ வாகனத்தை நிறுத்துவது தண்டனைக்குரியது. அருவிக்கு அருகே ஒரு கார் தவறாக நிறுத்தப்பட்டாலும் இருபுறமும் போக்குவரத்து தடைப்படும். தீவின் பெரிய மருத்துவமனை வைலுக்குவில் உள்ளது. ஹானாவிலிருந்து செல்லும் அவசர ஊர்திக்கும் இதே சாலைதான் வழி.

அந்தி சாயும் முன் திரும்பிவிடுவது நல்லது. வெப்ப மண்டலத்தில் அந்தி ஒளி நீண்ட நேரம் நிலைப்பதில்லை. டிசம்பரில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஹானாவில் ஓரிரவு தங்குவோர் நெரிசல் இல்லாத காலைப் பொழுதைப் பெறுவர். தீவைச் சுற்றித் தெற்கு வழியாகத் திரும்ப விரும்புவோர், அச்சாலை சில இடங்களில் மிகக் குறுகியும் கரடுமுரடாகவும் இருப்பதை அறிந்திருக்க வேண்டும். 2006 அக்டோபரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் அவ்வழி நெடுங்காலம் மூடப்பட்டிருந்தது. வாடகை ஒப்பந்தம் அவ்வழியை அனுமதிக்கின்றதா என்பதையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

திடீர் வெள்ளம்

இச்சாலையில் அருவிகளே அழகும் ஆபத்தும் ஆகும். கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் பெருமழை பெய்யலாம். சரிவு செங்குத்தாக இருப்பதால் அந்நீர் சில நிமிடங்களில் கீழே வந்து சேரும். குளத்தில் நிற்போர் தலைக்கு மேல் மழையைக் காணாமலே வெள்ளத்தில் சிக்குவர். நீர் கலங்குதல், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருதல், நீர்மட்டம் உயர்தல், இரைச்சல் கூடுதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையின் மறுகரையில் அகப்பட்டோர் நீர் வடியும் வரை காத்திருக்க வேண்டும்; கடக்க முயலக்கூடாது. வெள்ளம், பாறைச் சரிவு ஆகிய காரணங்களால் ஓஹேயோ குளங்களில் இறங்குவது தடை செய்யப்படுவதுண்டு. எலிக்காய்ச்சல் கிருமி ஹவாயின் நன்னீர் ஓடைகளில் காணப்படுவதால், உடலில் காயம் உள்ளோர் நீரில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

நீர் உரிமை

பயணி பாலத்தின் மீதிருந்து காணும் ஓடை நீர் நெடுங்காலமாக வழக்குக்கு உட்பட்டது. கால்வாய்கள் நீரைத் திருப்பியதால் கீழ்ப்பகுதி ஓடைகள் வற்றின. ஓடும் குளிர்ந்த நீர் இன்றி கலோ வயல்களில் கிழங்குகள் அழுகின. 2001ஆம் ஆண்டில் கேயனை, வைலுவா பகுதி உழவர்கள் மாநில நீர்வள ஆணையத்திடம் முறையிட்டனர். 2016 டிசம்பரில் மாவுயியின் கடைசிக் கரும்பு அறுவடை முடிந்தது. 2018 ஜூனில் ஆணையம், கலோ பயிரிடப்படும் பல ஓடைகளுக்கு நீரோட்டத்தைத் திருப்பி அளிக்க உத்தரவிட்டது. எஞ்சிய நீரைத் தீவின் நடுப்பகுதிக்கு எடுத்துச் செல்வது தொடர்பான சிக்கல் அதன் பின்னரும் நீடித்தது.

கேயனையின் சேப்பங்கிழங்கு வயல்கள் சுற்றுலாக் காட்சிக்காக அமைந்தவை அல்ல. அவை தனியார் நிலங்கள். வரப்பில் நடப்பதும் படம் எடுக்க உள்ளே நுழைவதும் பயிருக்கு ஊறு விளைவிக்கும். சாலையிலிருந்தே வயல், தேவாலயம், கடல் மூன்றையும் ஒருங்கே காணலாம்.