கம்பைலர் அமைப்பது ஆராய்ச்சியாகுமா?

கணினி அறிந்த மொழி எண்களாலான ஆணைமொழி ஒன்றே. மனிதர் தமக்கு எளிதான வடிவில் எழுதும் நிரலை அந்த ஆணைமொழியில் பெயர்த்துத் தரும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். மாணவர் ஒருவர் நான்கைந்து ஆண்டுகள் பாடுபட்டு ஒரு கம்பைலரை அமைத்து முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “உழைப்பு பெரிது, ஆனால், நீர் புதிதாகக் கண்டது யாது?” என்று தேர்வாளர் வினவுகிறார். விடை இல்லையேல் டாக்டர் பட்டம் இல்லை. இந்த நிலை எதனால் உண்டாகிறது?

சரித்திரத்தைச் சற்றே நோக்குவோம். 1951-ஆம் ஆண்டில் கொர்ராடோ போம் என்ற இத்தாலியர், சூரிச் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் தம் ஆராய்ச்சி நூலை அளித்தார். கணிதச் சூத்திரங்களை இயந்திரமே படித்து ஆணைகளாக மாற்றிக்கொள்ளும் முறையை அது விளக்கிற்று. தாம் வகுத்த மொழியின் கம்பைலரை அம்மொழியிலேயே அவர் எழுதிக் காட்டினார். இவ்வாறு செய்ய இயலும் என்பதே அந்நாளில் உலகிற்குப் புதிய செய்தி. ஆதலின் அது ஆராய்ச்சியாயிற்று.

பின்னர், 1957-இல் ஜான் பாக்கஸ் குழுவினரின் ஃபோர்ட்ரான் கம்பைலர் வெளிவந்தது. காலப்போக்கில் கம்பைலர் அமைக்கும் முறைகள் பாடநூல்களில் இடம்பெற்றன. இன்று கல்லூரி மாணவர்களே சிறு கம்பைலர்களை எழுதிப் பழகுகிறார்கள். அறிந்த வழியில் மீண்டும் செல்வது நல்ல பயிற்சி. ஆராய்ச்சி என்பதற்கு அது போதாது.

அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தில் பயின்ற கிறிஸ் லாட்னர், எல்.எல்.வி.எம். என்னும் கம்பைலர் அமைப்பைத் தம் முதுநிலைப் பட்டத்திற்கான ஆய்வேட்டில் 2002-இல் விவரித்தார். 2005-இல் அவர் அளித்த டாக்டர் பட்ட நூலோ வேறொன்றை ஆராய்ந்தது. நிரல் கையாளும் பட்டியல், மரம் முதலிய தரவு அமைப்புகளை முழுமையாக உணர்ந்து, ஒவ்வொன்றின் பகுதிகளையும் நினைவகத்தில் தனித்தனியே தொகுத்து வைத்தால் நிரலின் வேகம் கூடுமா என்பதே அதன் வினா. தாம் அமைத்த கம்பைலரைக் கொண்டு அவர் அதனைச் சோதித்து அளந்தார்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? கம்பைலர் ஓர் ஆய்வுக்கூடம் போன்றது. ஆய்வுக்கூடத்தை எழுப்பியதற்காக எவரும் விஞ்ஞானி ஆவதில்லை. அங்கே கண்டறிந்த உண்மையே அவரை விஞ்ஞானி ஆக்குகிறது. ஆயினும், கூடம் இன்றேல் சோதனையும் இல்லை. எனவே அவ்வுழைப்பு வீணன்று.

ஆகவே, மாணவ நண்பர்களே, கம்பைலர் அமைக்கத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். “இது முடிந்தபின் உலகம் இதுவரை அறியாத எதனை அறியும்?” என்ற வினாவிற்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால், துணிந்து தொடங்கலாம்.