ஆம்ப் உறுமுதா? மூணாவது பின்னைத் தொடாதீங்க

(எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுட்டு, திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் வெட்டியிருக்கேன்.)

முதல்ல ஒரு பத்து செகண்ட் இதைக் கேளுங்க. (ஆடியோவுல இங்க வெறும் "ம்ம்ம்ம்"னு ஒரு உறுமல் மட்டும் ஓடும்.) என் ரூம்ல கிட்டாரை ஆம்ப்ல செருகி, ஒரு ஸ்ட்ரிங்கைக்கூட தொடாம ரெக்கார்டு பண்ணது இது. எலக்ட்ரிக் கிட்டார் வாங்கின எல்லாருக்கும் முதல் நாளே அறிமுகமாகிற சத்தம். இதை எப்படிக் குறைக்கிறது, குறைக்கும்போது டோன் கெடாம எப்படிப் பாத்துக்கிறது, அதைவிட முக்கியமா, எப்படிக் குறைக்கக் கூடாதுங்கிறதுதான் இன்னிக்கு விஷயம்.

பிக்கப்புக்குள்ள ஒரு காந்தம் இருக்கு. அதைச் சுத்தி முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. மேல இருக்கிற ஸ்டீல் ஸ்ட்ரிங் அதிர்ந்தா காந்தப்புலம் அசையும், சுருள்ல சின்னதா ஒரு வோல்டேஜ் பிறக்கும். ஆனா அந்தச் சுருளுக்கு எது ஸ்ட்ரிங், எது பக்கத்துல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர்னு தெரியாது. நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்டோட காந்தப்புலத்தையும் சேத்தே வாங்கிக்கும். கிப்சன்ல வேலை பார்த்த சேத் லவர் 1955-ல இதுக்காகப் பேட்டன்ட் கேட்ட தீர்வுதான் ஹம்பக்கர். ரெண்டு சுருள், ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசை, காந்தமும் தலைகீழ். ஸ்ட்ரிங்கோட சிக்னல் ரெண்டுலயும் கூடும், வெளியிலிருந்து வர்ற ஹம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். நம்ம பாஷையில சொன்னா, ஹார்டுவேர்லயே எழுதின ஒரு கழித்தல்.

சரி, உங்ககிட்ட இருக்கிறது சிங்கிள் காயில், சத்தம் வருது. உடனே கடைக்கு ஓடாதீங்க, டீபக் பண்ணுங்க. கேபிளை ஆம்ப்லேருந்து உருவுங்க. அப்பவும் சத்தம் இருந்தா ஆம்ப் இல்லன்னா கரண்ட் பக்கம்தான் பிரச்சினை. போயிடுச்சுன்னா திரும்பச் செருகி, கிட்டார் வால்யூமை ஜீரோவுக்குக் கொண்டு வாங்க. இப்ப அமைதியானா ஆள் பிக்கப்தான். அமைதியாகலைன்னா கேபிள், ஜாக், இல்லன்னா கரண்ட் பக்கம் தேடணும். அடுத்து, வால்யூமை ஏத்தி, கிட்டாரோட அப்படியே ஒரு சுத்து சுத்துங்க. ஒரு திசையில சத்தம் குறையுதா? அப்ப பக்கத்துல ஏதோ ஒரு பொருள் காந்தப்புலத்தை வீசுதுன்னு அர்த்தம். நகர்ந்து உக்காந்தாலே பாதி சரியாயிடும்.

என் ரூம்ல குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். குமிழைத் திருகி வேகம் மாத்துற எலக்ட்ரானிக் டைப். அது கரண்டோட அலையை செகண்டுக்கு நூறு தடவை நறுக்குது. அந்த நறுக்கல்தான் கிட்டார்ல "ர்ர்ர்"னு வருது. ஃபேனை ஃபுல் ஸ்பீடுல வெச்சா குறைஞ்சது. கடைசியில கெப்பாசிட்டர் வெச்ச ஸ்டெப் டைப் ரெகுலேட்டர் மாத்தினேன், ஆளே காணோம். நாய்ஸ் கேட் பெடல் வாங்க வெச்சிருந்த காசு மிச்சம்.

இப்ப டோன். கேபிள் நீளம் முக்கியம்னு சொன்னா நிறைய பேர் நம்ப மாட்டேங்கிறாங்க. சாதாரண கிட்டார் கேபிள்ல மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். பிக்கப் சுருளோட இண்டக்டன்ஸ் ரெண்டு மூணு ஹென்றி. ரெண்டும் சேர்ந்து ஒரு ஃபில்டர். 2.5 ஹென்றின்னு வெச்சு, பிக்கப்போட சொந்தக் கெப்பாசிட்டன்ஸுக்குக் கொஞ்சம் கூட்டிக் கணக்குப் போட்டேன். 3 மீட்டர் கேபிள்ல அதோட உச்சி 5000 ஹெர்ட்ஸ் பக்கம் வருது. 10 மீட்டர் போட்டா 3000-க்கு இறங்கிடுது. அந்தப் பளபளப்பு போறது காதுக்கே தெரியும். ரூம்ல வாசிக்க 3 மீட்டர் தாராளம். மேடைக்கு நீளம் வேணும்னா நடுவுல ஒரு பஃபர் வைங்க. (மெமரி பஃபர் இல்ல, சிக்னலை அப்படியே வாங்கி வலுவாத் தள்ளுற சின்ன சர்க்யூட்.) ஆடியோ இன்டர்ஃபேஸ்ல செருகும்போது "இன்ஸ்ட்" இல்லன்னா "ஹை-ஜீ" சுவிட்சைப் போட மறக்காதீங்க. கிட்டார் ஆம்ப்போட இன்புட் 1 மெகாஓம் மாதிரி இருக்கும். லைன் இன்புட் 10 கிலோஓம் அளவுலதான் இருக்கும், அதுல நேரா செருகினா கிட்டார் போர்வைக்குள்ள இருந்து பாடும்.

இனி உண்மையான பயம். நான் ஆம்ப்போட லைன் அவுட்டை இன்டர்ஃபேஸ் வழியா லேப்டாப்புக்குக் கொடுத்தேன். ஆம்ப் ஒரு பிளக்ல, லேப்டாப் சார்ஜர் எதிர்ச் சுவத்துல. உடனே ஒரு பெரிய ஹம். ரெண்டு பக்கமும் எர்த் போகுது, நடுவுல ஆடியோ கேபிள், ஆக ஒரு வளையம். எர்த் லூப்னு சொல்வாங்க. ஒரு நண்பன், "ஆம்ப் பிளக்ல மூணாவது பின்னைக் கழட்டிடு மச்சி"ன்னான். கழட்டினேன். ஹம் போச்சு. ஹீரோ மாதிரி இருந்தது.

ரெண்டு வாரம் கழிச்சு, லைன் அவுட் கேபிளை உருவிட்டு, ஆம்ப்ல வாசிச்சுக்கிட்டே இன்டர்ஃபேஸ் மைக்ல பாடப் போனேன். உதடு மைக்ல பட்டதும் சுருக்குன்னுச்சு. டெஸ்டரை எடுத்து கிட்டார் ஸ்ட்ரிங்ல வெச்சுப் பாத்தேன். எரிஞ்சது.

ஏன்னா ஸ்ட்ரிங், பிரிட்ஜ் வழியா கேபிளோட ஷீல்டுக்கும், அங்கேருந்து ஆம்ப்போட உலோகப் பெட்டிக்கும் இணைஞ்சிருக்கு. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் குறையுதே, அது இதனாலதான். நாம வாசிக்கும்போது ஆம்ப்போட பாடியைப் பிடிச்சுக்கிட்டேதான் நிக்கிறோம். எர்த் இருந்தா உள்ள ஏதாவது ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போகும். எர்த் இல்லன்னா அந்தப் பாதை நாமதான். எனக்கு வந்தது டிரான்ஸ்ஃபார்மர்ல கசியற சின்னக் கரண்ட். உள்ள ஒயர் விட்டுப்போயிருந்தா முழு 230 வோல்ட். ஸ்டோன் தி க்ரோஸ் பேண்டோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972-ல பிரிட்டன்ல ஸ்வான்சி மேடையில, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பர்ட்ஸ்ல பாடின கீத் ரெல்ஃப் 1976-ல சொந்த வீட்டுலயே, எர்த் சரியில்லாத கிட்டார் செட்டப்ல.

சரியான வழி ரொம்பச் சாதாரணம். ஆம்ப், லேப்டாப் ரெண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல செருகுங்க, வளையம் சின்னதாகும். லேப்டாப்பை பேட்டரியில ஓட்டிப் பாருங்க. அப்பவும் வந்தா ஆடியோ லைன்ல ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. டிஐ பாக்ஸ்ல இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சும் ஓகே, அது ஆடியோ கேபிளோட ஷீல்டை மட்டும்தான் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது.

இன்னொண்ணு. நம்ம ஊர் வாடகை வீடுகள்ல மூணு ஓட்டை இருக்கிறதாலயே எர்த் இருக்குன்னு நம்பிடாதீங்க. பல இடத்துல அந்த ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, எர்த் உண்மையிலேயே வருதான்னு பாக்கச் சொல்லுங்க. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட பேசிப் போட்டுடுங்க. நான் பேசினேன். "கிட்டாருக்கா?"ன்னு கேட்டார். "வாஷிங் மெஷினுக்கும்தான் சார்"னு சொன்னதும் ஒத்துக்கிட்டார்.

அடுத்த வாரம் பெடல்களை எந்த வரிசையில மாட்டுறதுன்னு பேசலாம்.