பிள்ளைப்பாக்கத்துக்கு ஒரு கமிஷனரா?

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கத்தில், அரசின் சிப்காட் தொழிற் பூங்காவில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு கால்வாய் ஓரமாகச் சற்று நடந்தால், இந்த வட்டாரத்தின் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது தானே விளங்கிவிடும். மதிலுக்கு உள்ளே இருக்கும்வரை அந்தக் கால்வாய் சிப்காட்டைச் சேர்ந்தது. வெளியே வந்ததும் ஊராட்சிக்கு உரியதாகிறது. பெருஞ்சாலையைக் கடக்கும் சிறுபாலத்தின் அடியில் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஏரியில் கலக்கும் இடத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பு. நடுவில் எங்கேனும் அடைத்துக்கொண்டால், யாரிடம் மனு கொடுப்பது என்று தெரிந்துகொள்வதற்குள் தண்ணீர் தொழிலாளர் வசிக்கும் லைன் வீடுகளுக்குள் புகுந்துவிடுகிறது.

இந்தச் சிதறலைக் கண்டு சலித்தவர்கள் கேட்பது ஒன்றே. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று தொடர்ச்சியாகப் பரவிக் கிடக்கும் இந்தத் தொழில் வட்டாரம் முழுவதற்கும், மாநகராட்சிக் கமிஷனருக்கு நிகரான அந்தஸ்துள்ள உயர் நிர்வாக அதிகாரி ஒருவரை ஏன் நியமிக்கக்கூடாது என்பதுதான் அது. இது அலட்சியமாக ஒதுக்கத்தக்க யோசனை அன்று. அதற்கு எழும் ஆட்சேபமும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

முதலில் யோசனையின் நியாயத்தைப் பார்ப்போம். கோயம்பேட்டில் சென்னையின் கழிவுநீர் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்டு, நெடுந்தூரம் குழாய்களில் ஓடி இத்தொழிற் பூங்காக்களை வந்தடைகிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இதே பிள்ளைப்பாக்கத்தில் மின்னணு உற்பத்திக்கென்று தனித் தொகுப்பே உருவாகி வருகிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இப்பகுதி முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. நகரத்தின் நீர், நகரத்தின் ஜனத்திரள், நகரத்தின் வரைபடம் யாவும் இங்கே வந்துவிட்டன. நகரத்தின் நிர்வாகம் ஒன்றுதான் வந்து சேரவில்லை. கிராம ஊராட்சியின் நிர்வாக அதிகாரம் அதன் தலைவரிடம் இருக்கிறது; அவருக்குத் துணையாக இருப்பவர் ஊராட்சிச் செயலாளர்; தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும். சில ஆயிரம் பேர் வாழும் கிராமத்துக்கென்று வகுத்த இந்த ஏற்பாட்டின்மீது, மூன்று ஷிப்டுகளிலும் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் ஒரு நகரத்தின் குப்பையையும் சாக்கடையையும் சுமத்தியிருக்கிறோம்.

இத்தகைய தனி நிர்வாகத்துக்குச் சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 243க்யூ பிரிவு, தொழில் நிறுவனமே நகர வசதிகளைச் செய்து தரும் இடத்தைத் 'தொழில் நகரியம்' என்று கவர்னர் அறிவிக்கலாம் என்றும், அங்கே நகராட்சி அமைக்கவேண்டிய கட்டாயமில்லை என்றும் சொல்கிறது. தொழில் நகரியங்களுக்கு வளர்ச்சி ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டிலேயே 1997இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கர்நாடகம் 2013இல் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இவ்வாறு தனி ஆணையம் கண்டது. தெலங்கானாவில் தொழிற்பேட்டைகளின் வரியை அவற்றுக்கான தனி அமைப்பே வசூலித்து, 35 சதவீதத்தை உள்ளூர் ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தருகிறது.

ஆட்சேபம் எழுவதும் இந்த இடத்தில்தான். தொழிற்சாலையின் வீட்டு வரியும் தொழில் வரியும் ஊராட்சிக்கு வருகின்ற வருமானம். நிலத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் கிராமத்துக்கு எஞ்சியிருக்கும் பிடிமானம் ஏறத்தாழ அது ஒன்றே. வரியைப் புதிய அதிகாரி எடுத்துக்கொண்டு அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார் என்றால், கேட்கும் உரிமையோடு இருந்த ஊர், கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் ஊராகிவிடாதா? அந்த அதிகாரி தவறு செய்தால் அவரைக் கேள்வி கேட்பவர் யார்?

இந்த விவாதம் நம் தேசத்துக்குப் புதிதன்று. 1865இல் பம்பாய் நகரத்துக்கு முனிசிபல் கமிஷனர் என்னும் பதவி சிருஷ்டிக்கப்பட்டு, ஆர்தர் கிராஃபோர்டு அதில் அமர்ந்தார். அதற்கு முன்பு பலர் கையில் சிதறிக் கிடந்த அதிகாரம் ஒருவர் கையில் சேர்ந்தது. சாலைகளும் சாக்கடைகளும் சந்தைகளும் கண்ணெதிரே உருப்பெற்றன. அவர் பெயரால் வழங்கும் சந்தைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆனால் செலவும் கட்டுக்கடங்காமல் போயிற்று. பேருக்கு மேற்பார்வை செய்துவந்த சமாதான நீதிபதிகள் சபையால் அதைத் தடுக்க இயலவில்லை. 1871இல் வரி செலுத்துவோர் கொதித்தெழுந்து, அந்தப் பதவியையே ஒழிக்கவேண்டும் என்றனர். அந்த ஆரவாரத்தினிடையே எழுந்து, கூட்டத்தின் அதிருப்தியையும் பொருட்படுத்தாமல் மாறுபட்ட அபிப்பிராயத்தைச் சொன்னவர், அப்போது இருபத்தாறே வயதான பாரிஸ்டர் பெரோஸ்ஷா மேத்தா. நிர்வாகம் ஒரே மனிதனின் பொறுப்பில் இருப்பதில் குற்றமில்லை, அவனைக் கட்டுப்படுத்த ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை இல்லாததே குற்றம் என்பது அவர் வாதத்தின் சாரம். மறு வருஷமே வந்த சட்டம், 64 அங்கத்தினர் கொண்ட கார்ப்பொரேஷனில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. கமிஷனரும் நீடித்தார், வரவுசெலவுத் திட்டத்தின் கடிவாளம் மட்டும் சபையின் கைக்கு வந்தது. சென்னையிலும் 1919ஆம் ஆண்டின் சட்டம் இதே பிரிவினையைச் செய்தது.

கடிவாளம் பிடிக்கும் சபை இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டாம். 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாமன்றத்துக்கு 1996வரை தேர்தலே நடக்கவில்லை. ஒரு தலைமுறைக் காலம் தனி அலுவலர்களே நகரத்தை ஆண்டனர். பெங்களூருக்கென்று 2020இல் இயற்றிய சட்டம் 'முதன்மை ஆணையர்' என்னும் புதிய உயர் பதவியை உண்டாக்கியது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மாமன்றத்தின் காலம் முடிந்தது. பிறகு தேர்தல் காணாமலேயே 2025இல் அம்மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துபோயிற்று. சட்டம் வகுத்த இரண்டு அங்கங்களில் அதிகாரியின் அங்கம் மட்டுமே வேலை செய்தது.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஸ்டான்டன் என்னும் சிற்றூர் 1908இல் நகர மேலாளர் ஒருவரை நியமித்து, பல ஊர்களுக்கு முன்மாதிரியாயிற்று. அங்கே அவரை நியமித்தது ஊர்ச் சபை. வேண்டாமென்றால் விலக்கக்கூடியதும் அதுவே. இங்கே நாம் பேசும் அதிகாரியோ தலைமைச் செயலகத்திலிருந்து வருவார், மாற்றல் உத்தரவு வந்தால் போய்விடுவார். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு மேல்நாட்டு உதாரணம் காட்டுவது பொருந்தாது.

எனக்குத் தோன்றுவது இது. ஊராட்சிகளைக் கலைத்துவிட்டு அவற்றின்மேல் ஓர் அதிகாரியை அமர்த்துவது கிராஃபோர்டின் காலத்துக்குத் திரும்புவதாகும். இன்றிருக்கும் சிதறலை அப்படியே விட்டுவைப்பதோ, மழைக்காலந்தோறும் லைன் வீடுகளில் வாழும் ஏழைத் தொழிலாளியைத் தண்டிப்பதாகும். அந்தத் தொழிலாளியின் நிலைமையைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். அவர் பெயர் பெரும்பாலும் வேறு மாவட்டத்தின், அல்லது வேறு மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஆகையால் ஊராட்சித் தலைவருக்கு அவர் ஓட்டு இல்லை, சிப்காட்டுக்கு அவர் மனைதாரர் இல்லை. தண்ணீர் லாரி வராத அன்று அவர் போய் நிற்பதற்கு ஒரு வாசல்கூட இல்லாத நிலை, எந்த ஏற்பாட்டைக் காட்டிலும் கொடியது. ஒரே அலுவலகம், ஒரே பொறுப்பதிகாரி என்பது அவருக்கு மிகப் பெரிய உபகாரம்.

ஆகவே பதவி வரட்டும். ஆனால் சம்பந்தப்பட்ட ஊராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும், தொழிலாளர் சார்பாகச் சிலரும் கூடிய கவுன்சில் ஒன்று அதனோடு ஒரே நாளில் வரவேண்டும். அந்தக் கவுன்சிலின் சம்மதம் இல்லாமல் வரவுசெலவுத் திட்டம் செல்லாது என்பதும், ஊராட்சிக்குரிய வரிப்பங்கு இவ்வளவு என்பதும் அரசாணையில் அல்ல, சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். அரசாணையை அடுத்த அரசாணை மாற்றிவிடும்.

காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் நடந்த தேர்தலில் வந்தவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. மற்ற மாவட்டங்கள் பலவற்றில் 2025 ஜனவரியில் காலம் முடிந்தபோது, தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடமே ஊராட்சிகள் ஒப்படைக்கப்பட்டன. இங்கும் அவ்வாறு நேர்ந்தால் ஊரின் சார்பில் பேச ஆளிராது. ஆகையால் புதிய பதவியைப் பற்றி முடிவெடுப்பவர்கள் பிள்ளைப்பாக்கத்தின் கிராம சபையைக் கூட்டி, அதன் தீர்மானத்தைக் கேட்டு வாங்கிய பின்னரே சட்டத்தின் நகலை எழுதத் தொடங்கவேண்டும்.