ஊடுகதிர்ப் படமெடுப்பின் அடிப்படைகள்

ஊடுகதிர்ப் படமெடுப்பு என்பது எக்சு-கதிர்களை உடலின் ஒரு பகுதி வழியே செலுத்தி, மறுபக்கம் வந்து சேரும் கதிர்களைக் கொண்டு உட்பகுதியின் நிழலுருவைப் பதிவு செய்யும் முறையாகும். எலும்பு முறிவு, நுரையீரல் நோய், உடலுக்குள் புகுந்த அயற்பொருள் ஆகியவற்றை அறியப் பெரும்பாலும் முதலில் எடுக்கப்படுவது இப்படமே. கதிரியல் உதவியாளர் பயிற்சி பெறும் மாணவர்கள் மார்பு, கை, கால் போன்ற எளிய படங்களை எடுப்பதற்குத் தேவையான அடிப்படைகள் இங்குத் தரப்படுகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை, சிவகாசி போன்ற பட்டாசுத் தொழில் பகுதிகளில் வெடி விபத்துக் காயங்களை ஆராய்வதற்கும் இவை உதவும்.

வரலாறு

செருமானிய இயற்பியலாளர் வில்லெம் ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று எக்சு-கதிர்களைக் கண்டறிந்தார். இதற்காக 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934இல் தொடங்கப்பட்டது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

கதிர்கள் தோன்றும் விதம்

எக்சு-கதிர்க் குழாய் காற்று நீக்கப்பட்ட ஒரு குழாய். அதன் எதிர்மின்வாயில் உள்ள இழை சூடேறும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. உயர் மின்னழுத்தம் அவற்றை நேர்மின்வாயிலுள்ள டங்சுடன் இலக்கின்மீது மோதச் செய்கிறது. எலக்ட்ரான்களின் ஆற்றலில் ஏறத்தாழ 1 விழுக்காடே எக்சு-கதிராகிறது. எஞ்சிய 99 விழுக்காடு வெப்பமாகிறது. அணு எண் 74 உடையதும் 3,400 பாகை செல்சியசுக்கு மேல் உருகுவதுமான டங்சுடன் இலக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

கிலோவோல்ட் அளவு கதிரின் ஊடுருவும் திறனை முடிவு செய்கிறது. மில்லி ஆம்பியர்-விநாடி அளவு கதிரின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. மில்லி ஆம்பியர்-விநாடியை இருமடங்காக்கினால் நோயாளி பெறும் கதிரும் இருமடங்காகும்.

படத்தில் வேறுபாடு தோன்றும் விதம்

உடலில் நுழையும் கதிர்களில் சில ஊடுருவிச் செல்கின்றன, சில உட்கவரப்படுகின்றன, சில சிதறுகின்றன. ஒளிமின் விளைவால் நிகழும் உட்கவர்தல், பொருளின் அணு எண் கூடும்போது அதன் மும்மடியை ஒட்டி அதிகரிக்கிறது. கதிரின் ஆற்றல் கூடும்போது விரைவாகக் குறைகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த எலும்பு வெண்மையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கருமையாகவும் தெரிவதற்கு அணு எண்ணும் அடர்த்தியுமே காரணம். கிலோவோல்ட்டைத் தேவைக்கு மேல் உயர்த்தினால் இவ்வேறுபாடு மங்கும். சிதறும் கதிர்களும் படத்தை மங்கச் செய்கின்றன. கதிர்ப் புலத்தைத் தேவையான பரப்புக்குச் சுருக்குவது படத்தின் தெளிவைக் கூட்டுவதோடு நோயாளி பெறும் கதிரையும் குறைக்கிறது.

பேரியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் அணு எண் 56. வாணவெடிகளில் பச்சை நிறம் தர உதவிய பேரியம் நைட்ரேட் நீரில் கரையும் நச்சுப்பொருள். பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்து, 2021இல் அதனை உறுதி செய்தது. உணவுக்குழாய், குடல் ஆகியவற்றைப் படமெடுக்கும்போது குடிக்கத் தரப்படுவது பேரியம் சல்பேட் ஆகும். இது நீரில் கரையாததால் உடலில் சேர்வதில்லை. எனினும், குடலில் துளை விழுந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் இதனைத் தருவதில்லை.

வெடிக்காயமும் படத்தின் எல்லையும்

பட்டாசு வெடித்துக் கையில் காயம் ஏற்பட்டால் எலும்பு முறிவையும் உள்ளே தங்கிய துணுக்குகளையும் அறியப் படம் எடுக்கப்படுகிறது. இரும்புத் துண்டு தெளிவாகத் தெரியும். கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். அணு எண் 13 மட்டுமே உடைய அலுமினியத்தின் சிறு துணுக்குகள் எளிதில் தெரிவதில்லை. காகிதம், அட்டை, மரக்குச்சி ஆகியவை தசையைப் போன்றே கதிரைக் கவர்வதால் பொதுவாகத் தெரிவதே இல்லை. எனவே, படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் காயத்திற்குள் ஒன்றும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. காயம் எப்படி ஏற்பட்டது என்பதைக் கேட்டுப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். இத்தகைய துணுக்குகளில் பலவற்றை மீயொலிச் சோதனையில் காண முடியும்.

ஒரே படத்தில் துணுக்கின் ஆழம் தெரியாது. இதனால் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோணங்களில் படம் எடுப்பது விதி. இடம், வலம் குறிக்கும் அடையாளத்தைப் படமெடுக்கும்போதே வைக்க வேண்டும்.

மார்புப் படம்

நோயாளி நின்றபடி மார்பைக் கதிர் உணரியில் பதித்திருக்க, முதுகுப்புறமிருந்து கதிர் செலுத்தப்படுகிறது. இதயம் உணரிக்கு அருகில் இருப்பதாலும், குழாய் வழக்கமாக 180 செ.மீ. தொலைவில் வைக்கப்படுவதாலும் இதய நிழல் அதிகம் பெரிதாவதில்லை. மூச்சை நன்கு இழுத்து நிறுத்தச் சொல்ல வேண்டும். மூச்சு முழுமையாக இழுக்கப்படாவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, இல்லாத நோய் இருப்பதுபோல் தோன்றலாம்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு

ஒரு மார்புப் படத்தில் நோயாளி பெறும் பயனுறு கதிரளவு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். உலகச் சராசரியாக இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறுவது சுமார் 2.4 மில்லிசீவர்ட். அளவு சிறிதே எனினும், கவனக்குறைவால் மீண்டும் எடுக்கப்படும் ஒவ்வொரு படமும் பயனின்றிச் சேரும் கதிராகும்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்ப் பணியாளருக்கு 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்றும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மிகாமலும் வரம்பு விதித்துள்ளது. பொதுமக்களுக்கு இது ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். நேரத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், தடுப்பைப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் பாதுகாப்பு வழிகள். கதிர் மூலத்திலிருந்து 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்கு விலகினால் அவர் பெறும் கதிர் நான்கில் ஒரு பங்காகும்.

பட்டாசு ஆலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். கருவுறும் வயதுடைய பெண்ணிடம் கருவுற்றிருக்கும் வாய்ப்பு உண்டா எனப் படமெடுக்கும் முன்பே, பிறர் கேளாதவாறு கேட்பது படமெடுப்பவரின் கடமை. ஆம் என்றால் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே படம் எடுக்க வேண்டும்.