ஸ்ட்ரோக் வந்த உடனே ஏன் பிளட் தின்னர் கொடுக்கிறதில்ல?

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி இதுதான்: ஸ்ட்ரோக்னா மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. அப்போ ரத்தத்தை மெலிசாக்குற மருந்தை உடனே கொடுத்துடலாமே, எதுக்கு ஸ்கேனுக்குக் காத்திருக்கணும்? நான் டாக்டர் இல்ல, கோடு எழுதுறவன். ஆனா பெரிய ஆய்வுகள் இதுக்குத் தெளிவாவே பதில் சொல்லுது.

முதல் விஷயம், எல்லா ஸ்ட்ரோக்கும் அடைப்பு இல்ல. சிலருக்கு ரத்தக்குழாய் வெடிச்சு மூளைக்குள்ள ரத்தம் கசியும். வாய் கோணுறது, கை விழுறது எல்லாம் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிடி ஸ்கேன் இல்லாம பிரிச்சுச் சொல்ல முடியாது. கசிவு இருக்கிறவருக்கு பிளட் தின்னர் போனா, கசிவு பெருசாகும்.

சரி, அடைப்புதான்னு உறுதியாயிடுச்சு. அப்பவும் ஆபத்து இருக்கு. ரத்தம் கிடைக்காத பகுதியில குழாய்ச் சுவர்களும் சேதமாகியிருக்கும். அங்கே ரத்தம் திரும்பப் பாயும்போது கசியலாம்.

1997-ல வெளியான ஒரு சர்வதேச ஆய்வுல 19,435 நோயாளிகள் இருந்தாங்க. ஹெப்பரின் ஊசி போட்டவங்கள்ல 14 நாளுக்குள்ள மறுபடி அடைப்பு வந்தது 2.9 சதவீதம். போடாதவங்கள்ல 3.8. நல்ல செய்திதானே? ஆனா மூளைக் கசிவு 0.4-லிருந்து 1.2 சதவீதமா ஏறிடுச்சு. இந்தக் கையில கிடைச்சது அந்தக் கையில போச்சு. ஆஸ்பிரின் கொடுத்தவங்களுக்கு அடைப்பு குறைஞ்சது, கசிவு பெருசா கூடல.

கட்டியைக் கரைக்கிற அல்டிப்ளேஸ் ஊசி வேற வகை. இது பிளட் தின்னர் இல்ல. ஏற்கெனவே உறைஞ்ச கட்டியையே உடைக்கும். 1995-ல அமெரிக்காவுல நடந்த ஆய்வுல, 3 மணி நேரத்துக்குள்ள இதைப் போட்டவங்கள்ல 6.4 சதவீதம் பேருக்கு மோசமான மூளைக் கசிவு வந்தது. போடாதவங்களுக்கு 0.6 தான். பத்து மடங்கு! அப்புறம் ஏன் போடுறாங்க? மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா, ஊசி போட்டவங்கள்லதான் ஊனம் இல்லாம மீண்டவங்க அதிகம். இறப்பும் கூடல.

இப்போ இந்தக் கெடு பொதுவா நாலரை மணி நேரம். போடுறதுக்கு முன்னாடி பிபி 185/110-க்குக் கீழ வரணும். போட்ட பிறகு, வழக்கமா 24 மணி நேரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்த்துட்டுத்தான் ஆஸ்பிரினே ஆரம்பிப்பாங்க.

வீட்டுல யாருக்காவது இப்படி ஆனா நாம செய்ய வேண்டியது: கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு குறிச்சுக்கோங்க. நீங்களா ஆஸ்பிரின் கொடுக்காதீங்க. வார்ஃபரின் மாதிரி பிளட் தின்னர் ஏற்கெனவே சாப்பிடுறவங்கன்னா, மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கடைசியா எப்போ போட்டாங்கன்னும் சொல்லுங்க. ஊசி போடலாமா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்ண அந்தத் தகவல் கண்டிப்பா வேணும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.